பூட்டாமல் இருந்தால் போதும்: கேம் நிறுவனங்களுக்கு ஒரு லினக்ஸ் கேமரின் திறந்த மடல்

கேம்களை உருவாக்குகிறவர்களுக்கும் அவற்றைக் கடை விரித்து விற்கிறவர்களுக்கும் வணக்கம்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் கணினியை ஓட்டுகிற லினக்ஸ்காரனிடமிருந்து மடல் என்றதும் உங்களுக்கு ஓர் அலுப்பு வரும் என்று தெரியும். "எங்களுக்கும் ஒரு பதிப்பு போடுங்கள்" என்று வருடக்கணக்கில் ஒரே பாட்டு. நானும் பாடியவன்தான். புதிய கேம் எது அறிவிக்கப்பட்டாலும் அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுவேன். பாதிக்குப் பதில் வராது. வந்த பதில்களில் "தற்போதைக்குத் திட்டம் இல்லை" என்ற வரி மட்டும் மாறாமல் இருக்கும். அந்தத் "தற்போதைக்கு" எப்போது முடியும் என்று கேட்டு இன்னொரு மின்னஞ்சல் எழுதிய காலமும் உண்டு.

இந்த மடலில் அதைக் கேட்கப்போவதில்லை. லினக்ஸுக்கென்று தனிப் பதிப்பு எனக்கு வேண்டாம். விண்டோஸுக்குச் செய்த கேமையே கொடுங்கள், ஓட வைக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஓடிக்கொண்டிருக்கிற கேமை நீங்களாகப் போய் நிறுத்தாதீர்கள். அதிலும் காசு வாங்கிய பிறகு நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கேட்பது இவ்வளவுதான்.

ஏன் ஆசை இவ்வளவு சுருங்கியது என்று கேட்பீர்கள். கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

லினக்ஸில் விளையாடுவது நேற்று முளைத்த ஆசை இல்லை. 1994-லேயே டூம் என்ற சுடும் கேம் லினக்ஸில் ஓடியது. 1997-ல் அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் டூமின் மூலநிரலைப் பொதுவில் வைத்தபோது வெளிவந்தது லினக்ஸ் பதிப்பின் நிரல்தான். டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான பதிப்பில் இருந்த ஒலி நூலகம் (ஒலியைக் கையாளும் ஆயத்த நிரல்) வேறொருவருக்குச் சொந்தம், அதைத் தூக்கிக் கொடுக்க முடியவில்லை. 1998-ல் லோக்கி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம், பெரிய விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்கு மாற்றி விற்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டது. 2002 ஜனவரியில் கடையை மூடிவிட்டார்கள். ஆனால் அவர்கள் நிழலில் வளர்ந்த திரை, ஒலி, விசைப்பலகையைக் கையாளும் எஸ்டிஎல் நூலகம் இன்று உங்களில் எத்தனையோ பேருடைய கேமுக்குள் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. 2010-ல் சின்ன நிறுவனங்களின் கேம் தொகுப்பான முதல் ஹம்பிள் இண்டி பண்டில், விரும்பிய தொகையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று வந்தபோது, சராசரியாக அதிகப் பணம் கொடுத்தவர்கள் லினக்ஸ்காரர்கள். இலவச மென்பொருள் பயன்படுத்துகிறவன் காசு கொடுக்க மாட்டான் என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதைக் குறித்துவைக்கிறேன்.

2013 பிப்ரவரியில் வால்வ் நிறுவனத்தின் இணையக் கேம் கடையான ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015 நவம்பரில் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் கேம் பெட்டிகள் வந்தன, விற்கவில்லை, போயின. அந்த இரண்டு வருடத்து உற்சாகத்தில் நிறைய பேர் லினக்ஸ் பதிப்பு வெளியிட்டீர்கள். அப்புறம்தான் எனக்குப் பாடம் கிடைத்தது.

அப்படி வாங்கிய ஒரு ஸ்ட்ராட்டஜி கேமைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். லினக்ஸ் பதிப்பு இருக்கிறதே என்பதற்காகவே முழு விலை கொடுத்து வாங்கினேன். முதல் வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் விண்டோஸுக்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. லினக்ஸுக்கு "விரைவில்" என்றார்கள். இரண்டாவது பெரிய அப்டேட்டும் வந்தது. இந்த முறை "விரைவில்"கூட இல்லை. பதிப்பு எண் பொருந்தாததால் நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியவில்லை. அடுத்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) அப்டேட்டுக்குப் பிறகு, ஏதோ ஒரு நூலகம் இல்லையென்று சொல்லிக் கேம் திறக்கவே மறுத்தது. ஒரு நாள் இரவு வெறுத்துப்போய் அந்த லினக்ஸ் பதிப்பை அழித்துவிட்டு, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட வைக்கும் ப்ரோட்டான் வழியாக விண்டோஸ் பதிப்பை நிறுவினேன். திறந்தது. பழைய சேவ் ஃபைலையும் எடுத்துக்கொண்டது. எனக்காகவே செய்த பதிப்பு ஓடவில்லை, எனக்காகச் செய்யாத பதிப்பு ஓடுகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விடியும்வரை விளையாடினேன்.

இதில் எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு, மறைக்க மாட்டேன். லினக்ஸின் மையமான கெர்னல் தன்மேல் ஓடும் நிரல்களை உடைக்காது. ஆனால் அதற்கு மேலே உள்ள நூலகங்கள் அப்படி இல்லை. 2022 ஆகஸ்டில் அப்படிப்பட்ட அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.36 வந்தபோது, பழைய அட்டவணை ஒன்றை இனித் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆன்லைன் கேம்களில் ஏமாற்றைத் தடுக்கும் ஈசி ஆன்டி-சீட் என்ற மென்பொருள் அதைத்தான் நம்பியிருந்தது. ஒரே அப்டேட்டில் பலருக்குக் கேம் போனது. பத்து வருடத்துக்கு முந்தைய விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டுவது, பத்து வருடத்துக்கு முந்தைய லினக்ஸ் நிரலை லினக்ஸில் ஓட்டுவதைவிட எளிது என்று எங்களுக்குள்ளேயே ஒரு கேலி உண்டு. கேலியில் பாதிக்கு மேல் உண்மை.

தனிப் பதிப்பை அக்கறையோடு பராமரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம் தனி. தொழிற்சாலை கட்டும் ஃபாக்டோரியோ கேமைப் பாருங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் பின்னணியில் சேவ் செய்துகொள்ளும், ஆட்டம் ஒரு நொடிகூட நிற்காத வசதி அதில் இருக்கிறது. அந்த அளவுக்கு மனமும் ஆளும் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் ஒப்புக்கு ஒரு பதிப்பைப் போட்டுவிட்டுக் கைவிடுவதைவிட, விண்டோஸ் பதிப்பை ஒழுங்காக வைத்திருப்பதே எங்களுக்குச் செய்யும் உதவி. என்னோடு விளையாடுகிறவர்களில் சிலருக்கு இது பிடிக்காது. துரோகி என்றுகூடச் சொல்லிவிட்டார்கள்.

ப்ரோட்டானைப் பற்றித் தெரியாதவர்களுக்காக நான்கு வரி. வைன் என்ற மென்பொருள் 1993-ல் தொடங்கியது. விண்டோஸ் நிரல் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும். அதன் மேல், விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கிராஃபிக்ஸ் அழைப்புகளை லினக்ஸிலும் ஓடும் வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே போன்ற அடுக்குகளைச் சேர்த்து, வால்வ் 2018 ஆகஸ்டில் ப்ரோட்டான் என்று வெளியிட்டது. அன்று சோதித்து உறுதி சொன்ன கேம்கள் 27. இன்று ஒரு கேமை வாங்குமுன் "ஓடுமா?" என்று யோசிப்பதையே நான் மறந்துவிட்டேன். 2022 பிப்ரவரியில் வந்த, வால்வின் கையடக்கக் கேம் கணினியான ஸ்டீம் டெக் இதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது, அதற்குள் இருப்பது ஆர்ச் லினக்ஸின் வழி வந்த இயங்குதளம். எல்டன் ரிங் வெளியான சமயத்தில் கணினிப் பதிப்பு திக்கித் திக்கி ஓடுகிறது என்று எல்லோரும் புலம்பினார்கள். அந்தத் திக்கலைக் குறைக்கும் மாற்றம் ப்ரோட்டான் பக்கத்தில் வந்து, டெக்கில் ஆடியவர்கள் நிம்மதியாக ஆடினார்கள்.

ஆக, உங்கள் கேம் ஓட நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. இடையில் வரும் வீடியோக் காட்சிகளுக்கு விண்டோஸோடு ஒட்டிப் பிறந்த ஃபார்மட்டை விட்டுவிட்டுப் பொதுவானதை எடுங்கள். உணர்ச்சிகரமான காட்சி வர வேண்டிய இடத்தில் வண்ணப் பட்டைகள் போட்ட டெஸ்ட் கார்டு வருவதைப் பார்த்துவிட்டுக் கதையில் ஒன்றுவது கடினம். கேமைத் தொடங்குவதற்கென்றே அதற்கு முன்னால் இன்னொரு லாஞ்சர் செயலியைத் திணிக்காதீர்கள். இதை விண்டோஸ்காரர்கள் சார்பிலும் கேட்கிறேன். வெளியிடும் முன் ஒரு ஸ்டீம் டெக்கில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மீதியை விடுங்கள்.

இப்போது பூட்டுக்கு, அதாவது ஓடக்கூடிய கேமை லினக்ஸில் நிறுத்தும் தடைக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

லினக்ஸில் இன்று ஓடாத பெரிய கேம்களின் பெயரை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இணையத்தில் மோதும் கேம்களாக இருக்கும். தொழில்நுட்பம் கைகொடுக்காததால் அவை ஓடாமல் இருக்கின்றன என்று நினைத்துவிட வேண்டாம். ஈசி ஆன்டி-சீட், அதே வேலையைச் செய்யும் பேட்டில்ஐ இரண்டும் 2021 செப்டம்பரிலேயே ப்ரோட்டானோடு வேலை செய்யத் தயாராகிவிட்டன. முதலாவதற்கு டெவலப்பர் தளத்தில் சில க்ளிக், இரண்டாவதற்கு பேட்டில்ஐ நிறுவனத்திடம் ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேலை என்று அப்போது அறிவித்தார்கள். எல்டன் ரிங் செய்தது. டேய்ஸி, ஆர்மா 3 செய்தன. ஹேலோ மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன் செய்தது, அதுவும் மைக்ரோசாஃப்ட் வீட்டுப் பிள்ளை. 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனுக்கு பேட்டில்ஐ வந்தபோது அந்த அனுமதி கொடுக்கப்படவில்லை. அதுவரை டெக்கில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் வெளியே. ஈசி ஆன்டி-சீட்டை வைத்திருக்கும் எபிக் நிறுவனமே தன் ஃபோர்ட்நைட்டுக்கு அதை லினக்ஸில் இயக்கவில்லை. தன் கடையில் விற்கும் பூட்டுக்குத் தானே சாவி போட மறுப்பதை என்னவென்று சொல்வது?

ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் கதை இதைவிட வலிக்கும். 2022-ல் டெக்கிற்கு வந்தது. இரண்டரை வருடம் ஓடியது. 2024 அக்டோபர் 31 அன்று லினக்ஸ் முழுவதையும் தடுத்துவிட்டார்கள். ஏமாற்றுக்காரர்கள் லினக்ஸைப் பாதையாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணம். கேம் இலவசம்தான். ஆனால் அதற்குள் காசு கொடுத்து வாங்கிய உடைகளும் ஆயுத அலங்காரங்களும் இலவசம் இல்லையே. பந்தியில் உட்கார்ந்தவனைக் கையைப் பிடித்து எழுப்பியது போலத்தான்.

அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். லினக்ஸில் கெர்னலை யார் வேண்டுமானாலும் மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். அப்படி மாற்றிய கெர்னலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஆன்டி-சீட், கீழே நடப்பதைப் பார்க்க வழியில்லை. இது உண்மையான சிக்கல். தோற்றதற்குச் சாக்கு தேடுகிறவன் எப்போதும் ஏமாற்றுக்காரனைக் கைகாட்டுவான், ஆனால் சுவருக்கு அப்பால் நிற்கிறவனைப் பார்த்துச் சுடுகிறவர்களும் நிஜமாகவே இருக்கிறார்கள். நானும் அவர்களிடம் செத்தவன்தான், எனக்கும் கோபம் உண்டு.

ஆனால் விண்டோஸில் கெர்னல்வரை போய் உட்கார்ந்தும் ஏமாற்று ஒழிந்ததா? இல்லை. நினைவகத்தை வெளியிலிருந்து படிக்கும் டிஎம்ஏ அட்டைகளைக் கணினியில் செருகிக்கொண்டு ஆடுகிறார்கள். அந்த ஓட்டத்தில் நீங்கள் ஒரு படி ஏறினால் அவர்கள் இரண்டு படி ஏறுகிறார்கள். அதற்கு நேர்மையான ஆட்டக்காரன் கொடுக்கும் விலை என்ன? 2022-ல் கென்ஷின் இம்பாக்டின் ஆன்டி-சீட் டிரைவரையே கருவியாக எடுத்து, கணினியில் இருந்த வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேரை இறக்கினார்கள். அந்தக் கேமை நிறுவாத கணினியில்கூட அந்த டிரைவரை மட்டும் கொண்டுபோய் வைத்தால் போதுமாக இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. 2024 ஜூலையில் க்ரௌட்ஸ்ட்ரைக்கின் ஒரே ஒரு பிழையான அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. அது ஆன்டி-சீட் இல்லை, பாதுகாப்பு மென்பொருள். இருந்தாலும் கெர்னலுக்குள் ஆளை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை.

கெர்னலுக்குள் வந்தே தீருவேன் என்கிறீர்களா, அது உங்கள் கேம், உங்கள் முடிவு. ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டுமா? லினக்ஸ் ஆட்டக்காரர்களைத் தனி வரிசையில் போடுங்கள், நாங்கள் எங்களுக்குள் அடித்துக்கொள்கிறோம். தரவரிசைப் போட்டியிலிருந்து வேண்டுமானால் விலக்கி வையுங்கள். நண்பர்களோடு தனி அறையில் ஆடுவதற்கும், கதைப் பகுதியைத் தனியாக ஆடுவதற்கும் ஆன்டி-சீட் எதற்கு? யாரை ஏமாற்றிவிடப்போகிறேன், கணினியையா? நூறு மணி நேரக் கதை முழுவதையும் தனியாக ஆடலாம் என்றிருக்கும் கேம், ஆன்லைன் பூட்டு காரணமாகத் திறக்கவே மறுப்பதை இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை.

"நீங்கள் எத்தனை பேர் இருப்பீர்கள், உங்களுக்காக இவ்வளவு மெனக்கெட?" என்பது அடுத்த கேள்வி. ஸ்டீம் மாதாமாதம் எடுக்கும் கணக்கெடுப்பில் 2025 அக்டோபரில் லினக்ஸ் முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சின்ன எண்தான். ஆனால் 2021-ல் ஸ்டீமுக்கு மாதம் 13.2 கோடிப் பேர் வந்ததாக வால்வே சொல்லியிருக்கிறது. அந்தப் பழைய எண்ணிலேயே 3 சதவீதம் என்றால் 40 லட்சத்துக்குப் பக்கம் வருகிறது. 40 லட்சம் வாடிக்கையாளர்களைப் பார்த்துக் கையைத் தட்டி விரட்டுகிற கடைக்காரர் வேறு எந்தத் தொழிலிலாவது இருக்கிறாரா?

எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற விண்வெளிக் கேமை உருவாக்கியவர் 2021-ல் வெளியிட்டது. அதுவரை விற்றவை சுமார் 12,000, அதில் லினக்ஸ்காரர்கள் வாங்கியவை சுமார் 700. வந்த பக் ரிப்போர்ட் ஆயிரத்துச் சொச்சம். அதில் ஏறத்தாழ 400 லினக்ஸ்காரர்கள் அனுப்பியவை. இந்த இடத்தில் நிறுத்தினால், பார்த்தீர்களா, இவர்களால் தொல்லைதான் என்று சொல்லிவிடலாம். அந்த 400-ல் லினக்ஸுக்கு மட்டும் உரிய பிழைகள் எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று. மீதியெல்லாம் எல்லோருடைய கேமிலும் இருந்த பிழைகள். விண்டோஸ்காரர்கள் திட்டிவிட்டுக் கடந்துபோனார்கள், இவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். அதுவும் கேம் எழுதிவைத்த நடப்புப் பதிவான லாக் ஃபைலோடு.

சரி, எதிர்க்கதையும் உண்டு. பிளானட்டரி அனிஹிலேஷன் என்ற கேமில் வேலை பார்த்தவர் ஒருவர், விற்பனையில் லினக்ஸ் 0.1 சதவீதத்துக்கும் குறைவு, கேம் கிராஷ் ஆன புகார்களிலோ 20 சதவீதத்துக்கு மேல் என்று எழுதியிருந்தார். பெரும்பகுதி கிராஃபிக்ஸ் டிரைவர் தகராறு. அது தனிப் பதிப்புக் காலத்து வேதனை, நான் அதை நம்புகிறேன். தனிப் பதிப்பு கேட்காமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ப்ரோட்டானில் அந்தச் சுமையில் பெரும்பகுதி உங்கள் தோளில் இல்லை, வால்வின் தோளிலும் தன்னார்வலர்களின் தோளிலும் இருக்கிறது.

கடைக்காரர்களே, உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

வால்வ் செய்ததற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. கெர்னல் மட்ட ஆன்டி-சீட் இருந்தால் விற்பனைப் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும் என்று 2024 அக்டோபரில் விதி கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் எங்கள் பொழுதுபோக்கு முழுவதும் ஒரே நிறுவனத்தின் நல்லெண்ணத்தில் தொங்குகிறது என்ற பயமும் எனக்கு உண்டு. அதனால்தான் மற்ற கடைகளிலும் வாங்க விரும்புகிறேன். முடிகிறதா? கோக் என்ற இணையக் கடை 2014-லிருந்து லினக்ஸ் கேம்களை விற்கிறது, கேம் நம் கைக்கே வந்துவிடும் என்பதால் அந்தக் கடைமேல் எனக்குத் தனிப் பிரியம். ஆனால் தன் கேலக்ஸி செயலியை விண்டோஸுக்கும் மேக்கிற்கும் கொடுத்துவிட்டு எங்களை வருடக்கணக்கில் வாசலில் நிறுத்திவைத்தது. எபிக் 2018 டிசம்பரில் கடை திறந்தபோதும் லினக்ஸுக்குச் செயலி இல்லை. இரண்டு கடைகளிலும் நாங்கள் வாங்கியதை விளையாட வைப்பது ஹீரோயிக் என்ற திறமூலச் செயலி. உங்கள் வாடிக்கையாளனுக்கு உங்கள் கடைக் கதவை யாரோ சம்பளமில்லாமல் திறந்துவிடுகிறார்கள். செயலி செய்ய மனமில்லையா, வேண்டாம். அவர்கள் நம்பியிருக்கும் வழிகளை ஆவணப்படுத்துங்கள், முன்னறிவிப்பில்லாமல் மாற்றாதீர்கள். இட்ச் போன்ற சின்னக் கடை லினக்ஸுக்குத் தன் செயலியைக் கொடுக்கிறது, பெரிய கடைகளுக்கு முடியாது என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கிறது.

பணம் திருப்பித் தருவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். நல்ல விதி. ஆனால் இரண்டு வருடம் ஓடிய கேம் ஓர் அப்டேட்டில் பூட்டிக்கொண்டால் அந்த விதி எனக்கு எந்த வகையில் உதவும்? எனக்கு நேர்ந்திருக்கிறது. வாரக் கடைசியில் நண்பர்களோடு ஆடும் ஒரு கேம், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு உள்ளே விடவில்லை. கேம் நிறுவனம் கடையைக் கேள் என்றது, கடை கேம் நிறுவனத்தைக் கேள் என்றது. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் டிக்கெட் எண்களைச் சேகரித்தேன். இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2020-ல் ராக்கெட் லீக் லினக்ஸ், மேக் ஆதரவை நிறுத்தியபோது பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள். நிறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அந்த மரியாதை பிடித்தது. ஆதரவை விலக்கும் கேமுக்கு, ஆடிய நேரத்தைப் பார்க்காமல் பணம் தருவதைக் கடையின் விதியாகவே எழுதிவையுங்கள். பூட்டும் செலவு தெரிந்தால், பூட்டுமுன் ஒருமுறை யோசிப்பார்கள்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரும் கேள்விப்படாத டிஸ்ட்ரோவில், தானே கட்டிய கெர்னலில், ஓடவில்லை என்று உங்களை மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு ஒற்றை நட்சத்திரமும் குத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டீம் டெக்கில் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கே ஓடினால் மற்ற இடங்களில் ஓட வைப்பது எங்கள் பாடு.

இப்படிக்கு,
உங்கள் கேம்களைக் காசு கொடுத்து வாங்கும் ஒருவன்

பி.கு: உங்களில் ஒருவருக்குப் போன மாதம் ஒரு பக் ரிப்போர்ட் அனுப்பியிருந்தேன். லாக் ஃபைல், சேவ் ஃபைல் இரண்டும் இணைத்திருந்தேன். "லினக்ஸ் ஆதரவு இல்லை" என்று எழுதி மூடிவிட்டீர்கள். அதை மறுபடி திறந்து பாருங்கள். மூன்றாவது லெவலில் பாலத்தின் இடது ஓரத்தில் குதித்தால் தரைக்குள் விழுவது லினக்ஸால் இல்லை. விண்டோஸ் வைத்திருக்கும் நண்பனையும் குதிக்கச் சொன்னேன், அவனும் விழுந்தான்.